ரிலாக்ஸ் என்று எழுதினாயே, பாலு

லாலாகுடா, செகந்திராபாத்
28-8-1978

சிரஞ்சீவி பாலச்சந்திரனுக்கு அக்கா மங்களம் எழுதுவது. இராக் தேசத்துப் பாஸ்ராவில் நீயும் உன் ஏர்கண்டிஷனரும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். இங்கேயும் அப்படியே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வேதாவுக்கு நீ போட்ட கடிதத்தைப் பார்த்தேன். அவளே கொடுத்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல் வருகிறது என்று உன் பெண்டாட்டி மூன்று பக்கம் எழுதியதற்கு உன் பதில் ஒரே வரி. எல்லாம் நெர்வ்ஸ், ரிலாக்ஸ் என்று. மீதி இடமெல்லாம் உன் பிரமோஷன் புராணம்.

ரயில்வே பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த வார்த்தை எனக்கும் தெரியும். இறுகியது தளர்வதற்குப் பெயர் அது. பாரம் இறங்கினால் உடம்பும் மனசும் தானே தளரும். நீயோ பாரத்தில் ஒரு விரல்கூட வைக்கமாட்டாய், சுமப்பவளைப் பார்த்துத் தளர்ந்துகொள் என்பாய். உன் வாயில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: என்னைத் தொந்தரவு செய்யாதே.

பேகம்பேட்டில் உங்கள் கம்பெனி நடத்திய மேனேஜர் பயிற்சியில் பொறுக்கிக்கொண்டு வந்த வார்த்தை அது. ஸ்டவ் குப்பென்று பற்றிக்கொண்டபோது நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ரிலாக்ஸ் என்றாய். வேதாவிடம் சொன்னாயா, ஸ்டவ்விடம் சொன்னாயா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிரமோஷன் லிஸ்டில் உன் பெயர் விட்டுப்போனபோது மட்டும் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்து, சின்னக் குழந்தை நீலாவிடம்கூட எரிந்து விழுந்தாய். அன்றைக்கு அந்த மகாமந்திரம் எங்கே போயிற்றோ.

பாஸ்ராவுக்குக் கிளம்புகிற போக்கில் காலனி டாக்டரிடம், மிஸஸ் கொஞ்சம் டென்ஷன் பேர்வழி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாயாம். உன் சீட்டுக்கட்டுத் தோழர் பிரமாதமாகப் பார்த்துக்கொண்டார். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கக்கூட இல்லை. மேடம், ஜஸ்ட் ரிலாக்ஸ் என்று சொல்லி, அவள் போகும்போதெல்லாம் தூக்க மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேதாவும் முறையிடுவதை நிறுத்திவிட்டாள். விழித்திருந்தால்தானே முறையிட? அம்மா எங்கே என்று நான் கேட்டால் நீலா "படுக்குந்தி" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். எப்போது கேட்டாலும் படுத்துத்தான் கிடந்தாள்.

வரலட்சுமி நோன்புக்கு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். வேதா சுவரில் சாய்ந்து அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தாள். காலனிப் பெண்டுகள், இப்போதுதான் எவ்வளவு ரிலாக்ஸாக இருக்கிறாள் என்று மெச்சிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி என்ன மாத்திரை என்றுகூட விசாரித்தாள். தாம்பூலம் கொடுக்குமுன் மஞ்சள் பூச வேதாவின் காலைத் தொட்டேன். கால் வீங்கி, என் விரல் அழுந்திய இடம் குழியாகவே நின்றது. மறு கால் அதைவிட மோசம். மஞ்சள் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, உன் அத்திம்பேரை ஆட்டோ கூப்பிடச் சொன்னேன். மங்களமான நாளில் இப்படியா என்று பெண்டுகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

பெரியாஸ்பத்திரியில் நன்றாகச் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. சிறு வயதில் வந்த காய்ச்சலின் மிச்சமாம். ஆபரேஷன் செய்தாக வேண்டும், இத்தனை நாள் கடத்தியது தப்பு என்று அந்த டாக்டர் எங்களைத்தான் திட்டினார். உனக்கு வரவேண்டிய திட்டை நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். வேலூரில் அடுத்த மாதம் இருபதாம் தேதி. நானும் அத்திம்பேரும் அழைத்துப் போகிறோம். நீலா எங்களோடுதான் இருக்கிறாள்.

லீவு கிடைக்காது என்று எழுதாதே. உன் அதிகாரிக்கும் பெண்டாட்டி இருப்பாள், அவளுக்கும் இதயம் இருக்கும். எடுத்துச் சொல். காலனி டாக்டருக்கு எழுதி விளக்கம் கேட்கிறேன் என்றும் கிளம்பாதே. அதெல்லாம் பிறகு. முதலில் நீ வா.

மாத்திரையை நிறுத்தியதிலிருந்து வேதா நன்றாக விழித்திருக்கிறாள். நேற்று அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அக்கா, ஆபரேஷனை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர் வந்ததும் அவரிடம் சொல்லலாமா, கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டாள். எட்டு வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவள், பயப்படுவதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறாள், பாலு.

தாராளமாகச் சொல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. அவள் சொல்வதற்கு இருக்கும்போதே வந்து சேர்.

தீர்க்காயுசாக இருங்கள், இரண்டு பேரும்.

அக்கா
மங்களம்