இரண்டு பேர் ஓட்டும் படகு

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வருஷமாக நமக்குள் பேச்சில்லை. போனில் கூப்பிட்டால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று இதை எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

சாந்த்ராகாச்சி பழைய இரும்புக் கடையிலிருந்து நீங்களும் அண்ணனும் தூக்கிவந்து உயிர் கொடுத்தீர்களே, அந்தப் படகு வீடியோ கேம் பெட்டி, அதை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட இடம் வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பெட்டிகளைச் சேர்க்கும் வங்காளி ஒருவர் காளிகாட்டிலிருந்து வந்தார். "பேர் தெரிஞ்ச கேமுக்குத்தான் எங்க ஆளுங்க அடிச்சுக்குவாங்க, பௌதி. இதை யாரும் சீண்டமாட்டாங்க" என்றபடியே சுவிட்சைப் போட்டார்.

சத்தம் கேட்டு அண்ணன் உள்ளேயிருந்து கூப்பிட்டார். வந்தவரும் நானுமாகத் தாங்கிப்பிடித்து வந்து உட்காரவைத்தோம். அவர் படகை ஓட்டினார். பக்கத்தில் நின்று நான் சுட வேண்டும். எனக்கென்ன தெரியும்? படகு மூழ்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அண்ணன் சிரித்தார். வந்தவர் விலை பேசாமலே கிளம்பிவிட்டார்.

இனி மாத்திரை வேண்டாம், ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று மீன் குழம்பு வைத்தேன். இரண்டு வாய்தான் இறங்கியது.

இன்று மறுபடி ஆட உட்கார்ந்தவர், என் கையை மெல்ல விலக்கினார். "நீ விடும்மா. அவன் வந்து சுடட்டும்" என்றார்.

ஊர் வீட்டை விற்றதில் யார் பக்கம் நியாயம் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். பூஜை லீவுக்கு வரலாம் என்று இருந்துவிடாதீர்கள். ரயில் வேண்டாம் தம்பி, விமானத்தில் வந்துவிடுங்கள்.

உங்கள் அண்ணி