சூட்கேசுக்குள் இருக்கும் கடதாசி

வெள்ளவத்தை
14.05.1996

அன்புள்ள சிவபாலன் அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று நான் கும்பிடாத கோயில் இல்லை. இங்கத்தைய சுகத்தைப் பிறகு எழுதுகிறேன். கோபிக்காமல் முழுவதையும் வாசியுங்கோ. கடையில் நின்று ரெலிபோனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் நாளைக்குக் கனடா வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

வெயிலென்றால் சொல்லி மாளாது. மழையில்லை என்று ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டு. போன கடிதத்தில் அறைக்கு ஏசி பூட்டச் சொன்னீர்கள். அங்கே இருந்துகொண்டு நல்லாய்ச் சொல்வீர்கள்! வாங்கின ஃபானே சும்மா நிற்கிறது. மேல்மாடி அறை, அஸ்பெஸ்டஸ் கூரை, சுவரில் முதுகைச் சாய்க்க ஏலாது.

எங்கள் சிவபாலனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. சட்டைப்பையில் வைத்திருந்த பொலிஸ் பதிவுக் கடதாசி வியர்வையில் ஊறி, மை பரவத் தொடங்கிவிட்டது. அது இல்லாமல் கொழும்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாசல் தாண்ட ஏலாது என்று உங்களுக்குத் தெரியும். அழிந்தால் புதிது எடுக்க எத்தனை நாள் அலைவது? நான்தான் அதை அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் சுற்றி சூட்கேசுக்குள் வைத்தேன். பெரிய கெட்டித்தனம் செய்த நினைப்பு எனக்கு.

சனிக்கிழமை பின்னேரம் கரண்ட் போனதும் பிள்ளை தவித்த தவிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “கடற்கரைக்குப் போய்க் கொஞ்சம் காத்து வாங்கிக்கொண்டு வா ராசா” என்று நானே அனுப்பினேன். கடதாசி எப்போதும் பையில் கிடக்கும் பழக்கத்தில் அவனும் பார்க்கவில்லை. எனக்கும் நினைவு வரவில்லை.

ரயில் பாதைக்கு அங்காலே கல்லில் இருந்தவனை ரோந்து வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கீழ்க்கடை அலவி நானாவைக் கூட்டிக்கொண்டு கடதாசியோடு பொலிசுக்கு ஓடினேன். அவர் சிங்களத்தில் எவ்வளவோ கதைத்தார். பிடிக்கும்போது இது அவனிடம் இருந்ததா என்று மட்டும் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை புதுக்கடைக் கோட்டில் நீதவானுக்கு முன்னால் கொண்டுவரக்கூடும் என்கிறார் சட்டத்தரணி. நிச்சயமில்லையாம். ஓர் அறைக்குள் இருபது பேர், சன்னலே இல்லை என்று அங்கிருந்து வெளியே வந்த ஒருவர் சொன்னார். அவனுடைய வேர்க்குருவுக்கு வாங்கின பவுடரைக்கூட உள்ளே எடுக்கவில்லை.

நேற்று கரண்ட் வந்து ஃபான் சுழன்றது. எழும்பிப் போய் நிறுத்தினேன்.

உங்களுக்குத் தெரிந்த எல்லாரிடமும் சொல்லிப் பாருங்கோ. எனக்குப் பதில் எழுதும்போது, உன்னில் பிழையில்லை என்று ஒரு வரி எழுதுங்கோ. பொய்யென்றாலும் பரவாயில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும்
உங்கள் ஜெகதீஸ்வரி