வேணியின் ஏஞ்சல் சோடி

பெப். 8, செவ்வாய்

காலையில் தூறல். மீன் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். எல்லாம் வேணி சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாளின்படி. "ஒரு நாள் வாளியில் வைத்த கிணற்றுத் தண்ணீர்தான் ஊத்துங்கோ. மண்புழு சின்னனாய் நறுக்கிப் போடுங்கோ. சைக்கிள் பம்பாலை காலை மாலை இருநூறு அடி." கரண்ட் இல்லாத ஊர். பம்பு வாயில் ரியூப் குழாய், அதன் நுனி தண்ணீருக்குள். மீனுக்கு மூச்சு என் கைதான்.

அவள் வவுனியா ஆஸ்பத்திரியில். கண் ஒப்பரேசன். போய் ஒன்பது நாள்.

போன வருடம் இடம்பெயர்ந்தபோது கிளாலிக் கடலேரிப் படகில் இந்த இரண்டு ஏஞ்சல் மீனையும் பொலித்தீன் பையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னையும் கூட்டி வந்தாள்தான், மடியில் வைக்கவில்லை.

பெப். 9, புதன்

முட்டை. தொட்டிக்குள் சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டில் வரிசை வரிசையாக. சவ்வரிசியிலும் சின்னது. இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறுகின்றன. கலியாணமாகிப் பதினொரு வருடத்தில் எங்கள் வீட்டில் முதல் பிள்ளைப்பேறு. வவுனியாவுக்குப் போகும் கனகரிடம் துண்டு எழுதிக் கொடுத்தேன்.

தாளின் கடைசி வரி: "முட்டை இட்டால் அசைக்காதேங்கோ. பயந்தால் தாங்களே திண்டிடும்."

பெப். 10, வியாழன்

மலேரியா நுளம்புக்கு வீட்டுக்குள் மருந்தடிக்க வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு இராசம்மாக்காவின் மகளுக்குக் காய்ச்சல், அதனால் ஒரு வீடும் விடாமல். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. நெல் மூட்டை, கதிரை, அலுமாரி எல்லாம் முற்றத்தில். தொட்டி மட்டும் உள்ளே.

"மீனை வாளியிலை விட்டு வெளியாலை வையுங்கோ மாஸ்டர்," என்றார் இராசம்மாக்கா.

"முட்டை கிடக்கக்கா. அசைச்சால் திண்டிடும்."

தொட்டிமேல் பொலித்தீன் விரித்து, மேலே ஈரச்சாக்கு, சுற்றிக் கயிறு. மருந்து அடித்து முடித்தார்கள்; ஒரு துளி உள்ளே போகவில்லை. பின்னேரம்தான் யோசனை: இப்படி மூடினால் மூச்சு முட்டுமே. பொலித்தீனுக்குள் ரியூபை நுழைத்து, பக்கத்திலேயே குந்தியிருந்து முந்நூறு அடி அடித்தேன். மருந்து மணத்தில் எனக்கே இருமல்.

பெப். 11, வெள்ளி

பெண் மீன் மிதக்கிறது. ஆண் ஒரு பக்கம் சாய்ந்தபடி.

இப்போதுதான் மண்டையில் ஏறியது. அறைக் காற்றைத்தானே அடித்தேன். மருந்துக் காற்று. இறுக்கி மூடிவிட்டு, முந்நூறு அடியாக நானே உள்ளே ஏற்றியிருக்கிறேன். பதினாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த மடையன்.

பாதித் தண்ணீர் மாற்றினேன். பம்பை முற்றத்தில் வைத்து, ரியூபை யன்னலால் விட்டு அடிக்கிறேன். வேறு ஒன்றும் தெரியவில்லை. அழுகை வருகிறது.

"மீன்தானே மாஸ்டர், விடுங்கோ." இராசம்மாக்கா. மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். நல்லது.

பெப். 13, ஞாயிறு

வெயில். ஆண் நிமிர்ந்துவிட்டது. முட்டை எல்லாம் வெள்ளை; இனிப் பொரியாது.

கனகர் வேணியின் துண்டைக் கொண்டுவந்து தந்தார். "கட்டு அவிட்டாச்சு. முட்டைக் கதை கேட்டு வார்ட்டே சிரிச்சது. செவ்வாய் வாறன். இந்தக் கண்ணாலை முதல் வடிவாப் பாக்கிறது குஞ்சுகளைத்தான்."

ஆண் இன்னும் அந்த வெள்ளை முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருக்கிறது. ஓட்டுத் துண்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மாலை, இருநூறு அடி அடித்தேன்.