விழாத கை

அன்புள்ள மருமகளுக்கு,

பக்கவாதத்தில் கை விழுந்துவிட்டது, அதனால்தான் உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். விழுந்தது இடது கை. நான் எழுதுவது வலது கையில்.

பயிற்சி கொடுக்க வரும் பெண் வலது கையில்தான் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். "நல்லா இருக்குற கைக்கு எதுக்குடி வைத்தியம்?" என்று கேட்டேன்.

"இது சும்மா இருந்தா அது எப்படிம்மா எந்திரிக்கும்?" என்றாள்.

நேற்று இடது சுண்டுவிரல் அசைந்தது.

என் மகன் போய் மூன்று வருஷம். கை விழும்வரை அவன் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த டிரைவரைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாயே, கட்டிக்கொள். கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடு. சாப்பிட ஒரு கை போதும்.

இனியும்
உன் அத்தை