குலுக்கலில் விழுந்த துப்பாக்கி உறையும் மாமாவின் கால்சட்டை நாடாவும்

அனுப்புநர்:
டெல்ஃபா ப்ரூவிட் (வயது 17),
வெர்னல் புகைக்கறி உணவகம், பின்கட்டு,
மெஸ்கிட் வெல்ஸ், டெக்சஸ்.

பெறுநர்:
உயர்திரு ஹோய்ட் கிளெம்மன்ஸ் அவர்கள்,
ஷெரிஃப், டாரன் கவுண்டி.

பொருள்: தங்கள் அலுவலகக் குலுக்கலில் பரிசாக வழங்கப்பட்ட, உடைக்குள் ஆழமாக மறைத்து அணியும் துணித் துப்பாக்கி உறையால் என் மாமாவின் உயிருக்கு ஏற்பட்டுள்ள ஆபத்து – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மாமா வெர்னல் ஆட்களைப் பக்கவாட்டில் கட்டிப்பிடிக்கத் தொடங்கியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது அவர் பொறுப்பு. வயிறு முட்ட இறுக அணைத்து முதுகில் தட்டுவதுதான் அவர் வழக்கம். ஈஸ்டருக்குப் பிறகு தோளை மட்டும் கொடுக்கிறார். அவருக்கும் போதகருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று சபையில் பேச்சுக் கிளம்பியது. அப்படி ஒன்றும் இல்லை. தங்கள் குலுக்கலில் அவருக்கு விழுந்த முதல் பரிசுதான் காரணம்.

2. மேற்படி பரிசு ஓர் அகலமான எலாஸ்டிக் பட்டை. தொப்புளுக்குக் கீழே உடம்போடு ஒட்டிக் கட்டி, அதிலுள்ள பையில் கைத்துப்பாக்கியைச் செருகி, மேலே கால்சட்டையை ஏற்றிக்கொள்ள வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது. "அணிந்திருப்பதையே மறந்துவிடுவீர்கள்" என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். மாமா மறந்தே விட்டார்.

3. துப்பாக்கி வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் மாமாதான் சுடக் கற்றுக்கொடுத்தார். ஆனால் இந்த உறை வெறும் துணி. சுடும் விசையை மூடிக் காக்கும் கெட்டியான ஓடு அதில் இல்லை. மாமா காலை முழுவதும் புகையடுப்பின் முன் நிற்பவர். வியர்வையில் எலாஸ்டிக் தளர்ந்துவிடுகிறது. பெல்ட்டை அவர் வயிறு ஒத்துக்கொள்வதில்லை. எப்போதும் நாடா வைத்த கால்சட்டைதான்.

4. சென்ற புதன்கிழமை சபை விருந்தில் மாமா பீன்ஸ் அண்டாவைத் தூக்கியபோது துப்பாக்கி பட்டையிலிருந்து நழுவி, வலது காலுக்குள்ளேயே இறங்கி, தரையில் வந்து விழுந்தது. போதகரின் மனைவி லொரீட்டா அம்மையார், "ஏய் வெர்னல், முட்டை போட்டுட்ட பாரு! அடை காக்கறியா, இல்ல ஆம்லெட் போட்டுரலாமா?" என்றார். கூடமே சிரித்தது. சிரித்த ஆண்களில் பலர் அந்த நேரத்திலேயே தங்கள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே இது என் மாமா ஒருவரின் பிரச்சினை அல்ல என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. "அதுக்கும் பசிக்குதாம், வரிசைல நிக்க வந்துருக்கு" என்று சொல்லிக்கொண்டே மாமா அதை எடுத்து, நின்ற இடத்திலேயே மறுபடி செருகினார். அப்போது கால்சட்டை நாடாவும் அதோடு உள்ளே போனது. பீச் பழப் பலகாரத் தட்டுடன் எதிரே நின்ற நான் பார்த்தேன். நாடா விசையைச் சுற்றி வளைந்து கிடந்தது. மாமாவோ கால்சட்டையை இறுக்குவதற்கு நாடாவின் நுனியைக் கையில் பிடித்துவிட்டார்.

6. ஐயா, நான் நாலு பேர் முன்னால் வாய் திறப்பவள் அல்ல. வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்வார்கள் என்பதற்காகவே பள்ளியை விட்டவள். அன்று, "மாமா, நாடாவ இழுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் கால்சட்டை கழன்று விழப்போகிறது என்று நினைத்து எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். மாமா மட்டும் குனிந்து பார்த்தார். பார்த்ததும் நாடாவின் நுனியை மெல்லக் கையிலிருந்து விட்டார்.

7. சமையலறையில் வைத்து, "யார்ட்டயும் சொல்லிறாத புள்ள" என்றார். அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். "ஷெரிஃப் கையால குடுத்தது. அதுல தப்பு இருக்குமா? கட்டுறவன்தான் ஒழுங்கா கட்டணும்" என்றார். மறுநாளும் அதையே கட்டிக்கொண்டார். நான் பள்ளியை விட்டு வந்த அன்று ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் சமையல் மேலங்கியை எடுத்து நீட்டி, கடையில் வேலை கொடுத்தவர் அவர். அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

8. இதை நேரில் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முன்மேசையில் இருந்த அம்மையார், "என்னம்மா வேணும்? சும்மா சொல்லு, கடிச்சிர மாட்டேன்" என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஒரு குலுக்கல் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த குலுக்கலிலும் முதல் பரிசு அதே உறைதான் என்று சீட்டில் போட்டிருக்கிறது. எனக்கு விழுந்துவிடக் கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன்.

9. ஆகவே, முதல் பரிசை மாற்றி, விசையை முழுதும் மூடும் கெட்டியான உறையையோ, அது முடியாவிட்டால் ஒரு நல்ல வான்கோழியையோ வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும் தாங்கள் ஒருநாள் தற்செயலாக வருவதுபோல எங்கள் கடைக்குச் சாப்பிட வந்து, அந்தத் துணி உறை வேண்டாம் என்று மாமாவிடம் தங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் சின்னப் பிள்ளை பேச்சு. தாங்கள் சொன்னால் அன்றே கழற்றிவிடுவார். நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

10. தாங்கள் வரும்வரை பொறுத்திருக்க எனக்கு மனம் கேட்கவில்லை. இன்று காலை மாமா குளிக்கப் போயிருந்தபோது, அவருடைய கால்சட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் நாடாவை உருவி எடுத்துவிட்டேன்.

இடம்: மெஸ்கிட் வெல்ஸ்
நாள்: ஜூன் 9

தங்கள் உண்மையுள்ள,
டெல்ஃபா ப்ரூவிட்

இணைப்பு: மேற்படி நாடாக்கள்.