துவரம்பருப்பளவு தோல்

மர்பி டவுன்,
5 பிப்ரவரி 1996

என் அன்பானவருக்கு, கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக.

நேற்று கோயிலிலிருந்து நேராக ஓஸ்வால்ட் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போனதாக உங்கள் அம்மா சொன்னால் மறுக்க வேண்டாம். உண்மைதான்.

போன செவ்வாய்க்கிழமை என் கையிலிருந்த வெளுப்பின் ஓரத்தில் ஊசி போட்டு, துவரம்பருப்பளவு தோலை எடுத்தார்கள். "கண்ணால பாத்து குஷ்டம்னு சொல்லக் கூடாதும்மா. பயாப்ஸில நரம்புகிட்ட என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார் டாக்டர். பத்து நாள் பொறுக்கச் சொன்னார். உங்களால் ஐந்து நாள் பொறுக்க முடியவில்லை.

திருவிருந்துக்கு எழுந்தேன். பாஸ்டரம்மா தோளைத் தொட்டு, "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எல்லாரும் திராட்சரசம் குடிக்கிற பாத்திரத்துல நீ குடிக்க வேணாம்மா. உன் வீட்டுக்காரர் தியோடரே வந்து சொல்லிட்டாரு" என்றார். நீங்கள் முன்னால் முழங்காலில் இருந்தீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டுமாம். கிறிஸ்துமஸ் அன்று இஸ்திரிப் பெட்டி பட்டு உங்கள் முழங்கை கொப்பளித்ததே, நான் காட்டும் வரை உங்களுக்குத் தெரியவில்லை. தயவுசெய்து போய்க் காட்டுங்கள்.

உங்கள்
மௌரீன்

லிங்கராஜபுரம்,
8 பிப்ரவரி 1996

அன்பு மௌரீன்,

சபையில் குழந்தைகள் இருக்கிறார்கள். நாளைக்கு ஒருவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? உன் தட்டையும் டம்ளரையும் அம்மா தனியாக வைத்தது பயத்தில்தான். பெரிதுபடுத்தாதே.

லேத்தில் வேலை செய்கிற கை மரத்துத்தான் போகும். உனக்கு வந்ததை என் தலையில் கட்டாதே. ரிப்போர்ட் வந்ததும் எழுது, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தியோடர்

மர்பி டவுன்,
13 பிப்ரவரி 1996

அன்பானவருக்கு,

ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். கிருமி இல்லை, நரம்பில் கோளாறு இல்லை. பழைய கரப்பான் புண் ஆறிய வெளுப்பாம். அண்ணி அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

பாஸ்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சபைக்கு முன்னால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு என்னை வந்து கூட்டிப்போங்கள். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள்
மௌரீன்

லிங்கராஜபுரம்,
27 ஏப்ரல் 1996

என் அன்பு மௌரீனுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் பதில் போடாதது தப்பு. ஈஸ்டருக்கும் உன்னைக் கூப்பிடவில்லை. ரிப்போர்ட் மாறியிருக்கும் என்று அம்மா சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பாஸ்டரிடமும் போகவில்லை.

போன மாதம் சிகரெட் விரலைச் சுட்டது, எனக்குத் தெரியவில்லை. அதே டாக்டரிடம் போனேன். முழங்கையில் குண்டூசியால் குத்தினார், அதுவும் தெரியவில்லை. எனக்கும் தோல் எடுத்தார்கள். மௌரீன், அது எனக்குத்தான் இருக்கிறது. இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட வேண்டும்.

அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கும் தட்டைத் தனியாக வைத்துவிடுவாள். பாஸ்டருக்குத் தெரியவே கூடாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதே. வந்துவிடு. நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம்.

உன்
தியோடர்

மர்பி டவுன்,
29 ஏப்ரல் 1996

தியோடர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அடுப்பில் போட்டுவிட்டேன். அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். ஆரம்பித்துவிட்டால் அடுத்தவருக்கு ஒட்டாது, கிண்ணத்தால் பரவுகிற நோயும் இல்லை. டாக்டர் இதை அன்றே என்னிடம் சொன்னார். நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கொப்புளம் வந்தால் உடனே காட்டுங்கள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது துணியால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு உங்களுக்குத் தெரியாது.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு இனி வரமாட்டேன்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. கோயிலுக்கு மட்டும் வருவேன். உங்கள் பக்கத்தில் முழங்கால் போடுவேன். நீங்கள் குடித்த பிறகு அதே பாத்திரத்தில் நான் குடிப்பேன். பாஸ்டரம்மா பார்க்கட்டும், உங்கள் அம்மாவும் பார்க்கட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆராதனை முடிந்ததும் மர்பி டவுனுக்குப் பஸ் ஏறிவிடுவேன். கூப்பிட வேண்டாம்.

மௌரீன்