துக்க வீட்டில் டிவி

உன் மகன் வீட்டு ஹாலில் டிவிக்கு வெள்ளை மேசைவிரிப்பைப் போர்த்தி, அதன்மேல் உன் படத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நவி மும்பை கோபர்கைரனே ஃபிளாட்டில் மாலை போட்ட படம் வைக்க அதை விட்டால் வேறு இடம் இல்லையாம். திரையை மறைக்க உன் முகத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் முதலில் கேட்டிருப்பாய்: "ஏளா, ரிமோட்ட எங்க வச்சிருக்காவ?"

பக்கத்தில் ஜெபக் கூட்டத்துக்கு அச்சடித்த அட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்துப் படித்தேன். வேதம் வாசித்துக்கொண்டிருக்கையில் நீ கர்த்தருக்குள் நித்திரையடைந்தாய் என்று போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அப்படியேதான் இருந்தது. அன்று சோபாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

போர்வை நமக்குப் புதிதல்ல. தாராவியில் நாம் ஒரே சந்தில் குடியிருந்தபோது, உன் வீட்டுக்காரரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும், சொந்தக்காரர்கள் முதலில் செய்த வேலை டிவிமேல் பெட்ஷீட்டைப் போட்டதுதான். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை டிவி போடக்கூடாது. டிவி வருவதற்கு முன்பு நம் முன்னோர்கள் இந்த விதியை எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு மதியம், சபைப் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ எழுந்து பெட்ஷீட்டை உருவி, ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டாய். தோல் பட்டறையிலிருந்து அவர் சாப்பிட வரும் நேரம் அது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் பார்க்கும் பழைய கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கரடி குடியிருக்க வீடு தேடும். ஒவ்வொரு வீடும் அதன் தலையில் எதையாவது போட்டு வெளியே தள்ளும். பம்பாய்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சபை மூப்பரின் மனைவிதான் முதலில் வாய் திறந்தார். "ஏளா, என்ன காரியம் பண்ணுத? துக்க வீட்டுல டிவியா?"

"ஆமாக்கா. நல்லா சாஞ்சு ஒக்காருங்க. இப்ப அது தலைல பீரோ விழப்போவுது."

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்க்கா. அவரு செத்ததுக்கு அழுதாச்சு. இருந்ததுக்கு யாரு சிரிக்க?"

பீரோ விழுந்தது. கரடி அப்பளமாகித் தரையில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு மூலையிலிருந்து தன்னைத்தானே உரித்தெடுத்து, உதறிக்கொண்டு நடந்தது. நீ சிரித்தாய். கதவு திறந்திருந்தது, சந்து முழுக்கக் கேட்டது. "செத்தவன் எந்திச்சு வாரது நம்ம வேதத்துலயும் இருக்குல்லா" என்று மூப்பர் மனைவியைப் பார்த்துக் கேட்டாய். அவர் கண்ணீர் துடைக்கக் கொண்டுவந்திருந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மறுநாள் உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்தவரும் அவரே.

அதன்பின் மாதர் கூட்டத்தில் வேதம் வாசிக்கும் முறை உனக்கு வரவே இல்லை. கல்யாண வீடுகளிலிருந்து பத்திரிகை வந்தது, ஆள் வந்து அழைக்கவில்லை. நீ ஒரு மதியமும் டிவியை அணைக்கவில்லை. சத்தத்தைக் குறைக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்து, நம் சந்தில் கொள்கைக்காக அவ்வளவு இழந்தவர்கள் வேறு யாரும் கிடையாது. கொள்கை ஒரு கரடி என்பதால் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்கும்போதும் நீ அப்படித்தான். கதாநாயகி தூணைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினால், "போதும்ளா, அடுப்புல சோறு தீயுது, போய்ப் பாரு" என்பாய். நான் அழுவேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாய் என்று தெரிந்தும் அழுவேன்.

உன் முழங்கால் ஏணிப்படி ஏற மறுத்தபின் மகன் உன்னைக் கோபர்கைரனேக்கு அழைத்துப்போனான். நான் குர்லாவில் மாறி, வாஷியில் மறுபடி மாறி வந்துகொண்டிருந்தேன். "வீட்ல இருந்து பாத்தா ஒனக்கு ஓடாதோ?" என்று கேட்பாய். ஆனால் நான் வரும்வரை ரிமோட்டைத் தொடமாட்டாய் என்று உன் மருமகள் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கும் அதே கரடிதான். அதற்கு வயதாகவே இல்லை. கூரையைப் பிரித்து உள்ளே இறங்கிய கரடியை வீடு தும்மி வெளியே தள்ளியது. நீ சிரித்தபடி என் தோளில் சாய்ந்தாய். சிரிக்கும்போது சாய்வது உன் வழக்கம் என்பதால் நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன். விளம்பரம் வந்தபின்தான் நான் மட்டும் சிரிப்பது தெரிந்தது. அந்த வீட்டில் அப்போது வேதாகமம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. உன் முழங்காலுக்கு அது இமயமலை.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம் உன் மகன் வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சித்தி, கூட்டத்துல நீங்க ரெண்டு வார்த்த பேசணும். நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"என்னன்னு சொல்லணும்?"

"அட்டையில இருக்கிறத. கார்ட்டூன் பாத்துட்டு இருந்தாங்கன்னு எப்படிப் போடறது? ஆபீஸ்ல இருந்தெல்லாம் வர்றாங்க. லோக் கியா போலேங்கே?"

ஊர் என்ன பேசும் என்பதை அவன் இந்தியில் கேட்கிறான். குடும்பம் முன்னேறிவிட்டது.

நல்ல பிள்ளை அவன், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊரே உன்னைத் தள்ளி வைத்தபோது நீ விட்டுக்கொடுக்காத ஒன்றை, நீ பேச முடியாத நேரம் பார்த்து ஒரு அட்டைக்காக நான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறான்.

பாஸ்டர் என் பெயரைச் சொன்னதும் எழுந்தேன். "அட்டையில தப்பா அச்சாயிருக்கு" என்று தொடங்கினேன். "அவ டிவியில கரடி பாத்துக்கிட்டு இருந்தா. சிரிச்சுக்கிட்டே போனா. நான் சாட்சி." உட்கார்ந்துவிட்டேன்.  இப்படியொரு சாவுக்குப் பாட்டுப் புத்தகத்தில் பாட்டு இல்லை. பாஸ்டர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். உன் மகன் தலையைத் தூக்கவில்லை.

யாரும் என்னிடம் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு வந்தேன். கதவு மூடப்போகும்போது ஒரு கை குறுக்கே வந்தது. உன் மகன்.

"சித்தி, அம்மா நெசமாவே சிரிச்சாங்களா?"

"சிரிச்சா."

"வலிச்சிருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். ராத்திரியெல்லாம்."

"வலிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா? என் தோள்ல சாஞ்சுல்லா சிரிச்சா."

அவன் தலையை ஆட்டினான். கையை எடுக்காமல் நின்றான். லிஃப்ட் கத்திக்கொண்டே இருந்தது.

இனி மாதர் கூட்டத்தில் எனக்கும் வாசிக்கும் முறை வராது. நீ தலை வைத்த இந்த இடது தோள் ரயிலில் யாராவது இடிக்க வந்தால் முதலில் விலகிக்கொள்கிறது. மற்றபடி நான் எதற்கும் விலகுவதாக இல்லை.